மிதவைத் திரி விளக்கு: அடியில் இருக்கும் தண்ணீரை நம்பித் தூங்கலாமா?

ஆகஸ்ட் 6, இரவு

வாசகர் ஒருவர் எழுதியிருப்பது இது: "கண்ணாடிக் கிண்ணத்தில் பாதிக்குத் தண்ணீர், அதன்மேல் எண்ணெய், அதில் மிதவைத் திரி, அதாவது துளையில் திரி கோர்த்து மிதக்கவிட்ட சிறு தக்கை. இப்படி ஏற்றினால் எண்ணெய் பாதிதான் செலவாகிறது. எண்ணெய் தீர்ந்ததும் தண்ணீர் பட்டுத் தானே அணைந்துவிடுகிறது. ஆகவே இரவு முழுவதும் எரியவிட்டுத் தூங்கலாம். இதைவிடப் பத்திரமான விளக்கு கிடையாது. மறுப்பவர் உண்டா?"

மறுக்கிறேன். கடைசி இரண்டு வரிகளை முழுவதுமாக. முதல் இரண்டைப் பாதியளவு.

எண்ணெய்ச் செலவைத் தீர்மானிப்பது சுடர். சுடரைத் தீர்மானிப்பது திரியின் கனமும், எண்ணெய்க்கு மேல் அது நீட்டிக்கொண்டிருக்கும் அளவும். அடியில் இருப்பது தண்ணீரா, எண்ணெயேதானா என்பதால் சுடர் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஒரே எண்ணெய், ஒரே திரி என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரே அளவுதான் எரியும். தண்ணீர் ஊற்றினால் கிண்ணத்தை நிரப்பக் குறைந்த எண்ணெய் போதும். அது நல்ல பலன்தான். ஆனால் சிக்கனம் என்ற கணக்கில் அது வராது.

தானே அணையும் என்பது பெரும்பாலும் உண்மை. எண்ணெய் மெல்லிய படலமாகக் குறைந்ததும் திரியின் அடிமுனை தண்ணீரைத் தொடும், தண்ணீர் மேலேறும், சுடர் சடசடத்து அணையும். அந்தச் சடசடப்பைக் கொஞ்சம் அருகில் இருந்து பாருங்கள். திரியில் ஏறிய நீர்த்துளி ஆவியாகிச் சட்டென்று விரியும்போது சுற்றியிருக்கும் எண்ணெயைப் பொடித்துளிகளாகத் தெறிக்கவிடுகிறது. கிண்ணத்தின் உள்சுவரிலும், சில நேரம் விளிம்புக்கு வெளியே மேசைமீதும் அந்தத் துளிகள் விழுந்து கிடக்கும். விளக்கு அமைதியாக அணைகிறது என்று நினைத்துத் தூங்கப் போகிறவர் இதை ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 6, பின்னிரவு

எவ்வளவு எண்ணெய் எத்தனை மணி நேரம் எரியும் என்று கணக்கு கேட்டிருக்கிறார்கள். உள்விட்டம் 8 செ.மீ. உள்ள கிண்ணம் என்றால் பரப்பு ஏறக்குறைய 50 சதுர செ.மீ. அதில் 1 செ.மீ. உயரத்துக்கு எண்ணெய் ஊற்றினால் 50 மி.லி. தாவர எண்ணெய்களின் அடர்த்தி பெரும்பாலும் மி.லி.க்கு 0.91 முதல் 0.93 கிராம் வரை, ஆகவே 46 கிராம். உங்கள் திரி ஒரு மணி நேரத்துக்கு 4 கிராம் எரித்தால் 11 மணி நேரத்துக்கு மேல் வரும். எத்தனை கிராம் எரிகிறது என்பதைச் சமையலறைத் தராசில் கிண்ணத்தோடு எடைபோட்டு நீங்களே கண்டுபிடிக்கலாம்: ஏற்றும் முன் ஒரு எடை, ஒரு மணி நேரம் எரித்து அமர்த்தி, ஆறிய பின் இன்னொரு எடை.

இன்னொரு கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. தாவர எண்ணெய் ஒரு கிராம் எரிந்தால் ஏறக்குறைய 37 கிலோஜூல் வெப்பம். மணிக்கு ஒரு கிராம் என்றால் 10 வாட். 4 கிராம் எரிக்கும் சிறு சுடர் 40 வாட் அடுப்பு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறியது என்பதால் சாதுவானது என்று ஆகிவிடாது.

ஆகஸ்ட் 7

திரி ஏற்றினால் சற்று நேரத்தில் மங்கி அணைகிறது, எண்ணெய் நிறைய இருந்தும் எரிய மறுக்கிறது என்பவர்களுக்கு: முதலில் உங்கள் திரி எதில் நனைந்தது?

பஞ்சு இழைகளுக்கு இடையே இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் வழியாகத்தான் எண்ணெய் ஏறுகிறது. அந்த இடைவெளிகளில் தண்ணீர் முதலில் புகுந்துவிட்டால் அது இடத்தை விட்டுக் கொடுக்காது. பலரும் தண்ணீரை ஊற்றி, மிதவையை வைத்து, பிறகு எண்ணெயை ஊற்றுகிறார்கள். திரி கெட்டுப்போவது அங்கேதான். தண்ணீர், பிறகு எண்ணெய், இரண்டும் தெளிந்து எண்ணெயில் குமிழி நின்ற பின்னரே மிதவை. திரியைத் தனியே ஒரு கரண்டி எண்ணெயில் சில நிமிடம் ஊறவைத்து, நுனிவரை ஏறிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, அதன் பிறகு கோர்த்தால் முதல் தீக்குச்சியிலேயே பற்றும். உலர்ந்த திரியைக் கொளுத்தினால் எண்ணெய் வந்து சேருவதற்குள் பஞ்சே எரிந்து கரியாகும். அந்தக் கரி பிறகு எண்ணெயை ஏறவிடாது.

அடியில் தொங்கும் வாலைக் கவனியுங்கள். திரியின் வால் எண்ணெய்ப் படலத்துக்குள்ளேயே முடிய வேண்டும். வால் நீண்டு தண்ணீரைத் தொட்டால் பாதி எண்ணெய் மிச்சமிருக்கும்போதே விளக்கு அணையும். எண்ணெய் 1 செ.மீ. என்றால் வால் அரை செ.மீ. போதும்.

ஆகஸ்ட் 9

மிதவை நடுவில் நிற்பதில்லை, எப்போதும் கண்ணாடிச் சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறது, காற்றுகூட இல்லை, ஏன் என்ற கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

எண்ணெய் கண்ணாடியை நனைக்கும். அதனால் சுவரை ஒட்டிய இடத்தில் பரப்பு சற்றே மேலேறி வளைந்திருக்கும். மிதக்கும் பொருள் எப்போதும் மேலேறப் பார்க்கும். பரப்பில் உயர்ந்த இடம் சுவரோரம் என்பதால் அங்கே போய்ச் சேரும். இதைச் சுடர் இல்லாமல் வெறும் தண்ணீரில் சோதித்துப் பார்க்கலாம். தம்ளரில் முக்கால்வாசித் தண்ணீர் வைத்து ஒரு சிறு தக்கையைப் போடுங்கள், ஓரத்துக்குப் போகும். இப்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, விளிம்புக்கு மேலே தளும்பி நிற்கும்படி செய்யுங்கள். தக்கை ஓரத்தை விட்டுக் கிளம்பி நடுவுக்கு வந்து நிற்கும். பரப்பு இப்போது நடுவில் மேடு. குழந்தைகளுக்குக் காட்ட அருமையான சோதனை.

ஆனால் எண்ணெய் விளக்கைத் தளும்ப நிரப்பக் கூடாது. மேசை அசைந்தால் வழியும். அதனால் மிதவை ஓரத்துக்குப் போகத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொண்டு, ஓரத்துக்குப் போனாலும் சுடர் கண்ணாடியைத் தொடாதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். அகலமான தக்கை வட்டமாக இருந்தால் அதன் ஆரமே இடைவெளி தந்துவிடும். சிறிய மிதவை என்றால் மூன்று கம்பிக் கைகள் வெளியே நீளும் வகையைத் தேடுங்கள். நான் அகன்ற தக்கைக்கு மாறிவிட்டேன். கிண்ணத்தில் கரிக்கோடு விழுவது நின்றுவிட்டது.

இதில் அக்கறை காட்டச் சொல்வதற்குக் காரணம் கரிக்கோடு மட்டும் அல்ல. சாதாரணக் கண்ணாடி ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிர்ந்திருந்தால் விரியும் அளவு வேறுபட்டு விரிசல் விடும். சோதனைச்சாலைக் குடுவைகளுக்குப் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடி வெப்பத்தில் விரிவது சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதனால் தாங்கும். வேலைப்பாடு வெட்டிய, கனம் ஒரே சீராக இல்லாத அலங்காரக் கிண்ணங்கள் இதற்கு ஏற்றவை அல்ல. உறவினர் வீட்டில் அப்படி ஒரு கிண்ணம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே நெடுக்கில் பிளந்தது. தண்ணீரும் எண்ணெயும் மேசைவிரிப்பில் ஓடின. அருகில் ஆட்கள் இருந்ததால் மிதவை விரிப்பில் விழுமுன் தட்டால் மூடிவிட்டார்கள். தூங்கப் போகலாம் என்பவர்களுக்கு நான் தரும் முதல் பதில் அந்த மேசைவிரிப்பு.

ஆகஸ்ட் 9, மாலை

மேலே எழுதியதை ஒட்டி ஒருவர் கேட்டது: "தாவர எண்ணெய் தானாகப் பற்றாதே, விரிப்பில் கொட்டினால் என்ன?"

பற்றாதுதான். சமையல் எண்ணெய்களில் பெரும்பாலானவை 300 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்துக்கு வந்தால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு அந்த வெப்பம் 38 டிகிரியிலேயே தொடங்கலாம். மிதவைத் திரிக்குத் தாவர எண்ணெயைத்தான் பரிந்துரைக்கிறேன் என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

ஆனால் சமதளமாகக் கிடக்கும் எண்ணெய் வேறு, துணியில் ஊறிய எண்ணெய் வேறு. திரியில் நடப்பதும் இதுதான்: மெல்லிய இழையில் கொஞ்சம் எண்ணெய் பரவி நிற்கிறது, சுடரின் சூடு அந்தக் கொஞ்சத்தை எளிதில் ஆவியாக்குகிறது. எண்ணெயில் ஊறும் எதுவும் திரிதான். விரிப்பு, காகிதம், திரைச்சீலை நுனி, கிண்ணத்தில் போட்ட உலர்ந்த பூவிதழ், எல்லாமே. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் இந்த விளக்கின் பாதுகாப்பு விதிகளில் பாதியை நீங்களே எழுதிவிடலாம்.

ஆகஸ்ட் 13

எந்த எண்ணெய்? ஆளுக்கொரு பட்டியல் வந்துவிட்டது. நான் எரித்துப் பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

சூரியகாந்தி போன்ற சுத்திகரித்த எண்ணெய்கள் மிதவைத் திரியில் நன்றாக எரிகின்றன. சுத்திகரிக்கும்போது பசைப்பொருள்கள் நீங்கிவிடுவதால் திரி அடைபடுவது குறைவு. செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கு மணம் உண்டு, குணம் உண்டு. கூடவே கசடும் உண்டு. நுனியில் கரி சீக்கிரம் கட்டும். அதையே எரிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் சில நாள் தெளியவைத்து மேலாக இறுத்து ஊற்றுங்கள், வித்தியாசம் தெரியும்.

நல்லெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் நிதானமாக, சீராக எரியும். எனக்கு ஆலிவின் சுடர் சற்றே அமைதியாகத் தெரிகிறது. அது என் கண்ணின் விருப்பமாகவும் இருக்கலாம், வாதாட மாட்டேன்.

விளக்கெண்ணெயைத் தனியாக ஊற்றுவது மிதவைத் திரிக்குச் சரிவரவில்லை. அது மற்ற எண்ணெய்களைவிடப் பத்து மடங்கு அளவுக்குக் குழகுழப்பானது. மெல்லிய திரியில் மெதுவாகத்தான் ஏறும். சுடர் சிறுத்து, நுனி கருகி, நடுவில் நின்றுவிடும். வேறு எண்ணெயோடு சிறு பங்காகக் கலந்தால் நெடுநேரம் எரிகிறது என்பார்கள். எரிகிறது, உண்மை. சுடர் சிறியது என்பதால் நெடுநேரம் எரிகிறது.

ஆளிவிதை எண்ணெயைத் தொடவே வேண்டாம். அது காற்றுப்பட்டுக் காய்ந்து படலமாகும் வகை. அதனால்தான் ஓவியர்களும் தச்சர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். திரியில் பிசினாக இறுகும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

ஆகஸ்ட் 14

மணத்துக்காக நறுமண எண்ணெய் சில சொட்டு விடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். கற்பூரமும் வேண்டாம். அவை தாவர எண்ணெயைவிடப் பல மடங்கு குறைந்த வெப்பத்தில் ஆவியாகித் தீப்பிடிப்பவை. தண்ணீருக்கு மேல் மிதந்து, எண்ணெயில் கரைந்து, சுடருக்கு அருகில்தான் வந்து நிற்கும். அறை மணக்க வேறு வழி உண்டு.

ஆகஸ்ட் 20

புகை.

சுவரும் கூரையும் கறுக்கிறது, திரியை மாற்றியும் தீரவில்லை என்கிறார்கள். சுடர் மஞ்சளாக ஒளிர்வதே அதனுள் இருக்கும் கரித்துகள்கள் வெப்பத்தில் ஒளிர்வதால்தான். 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே மெழுகுவத்தியை முன்வைத்துச் சிறுவர்களுக்கு இதைத்தான் விளக்கினார். கரித்துகள் சுடரின் உச்சியை அடைவதற்குள் முழுவதும் எரிந்துவிட்டால் ஒளி மட்டும் கிடைக்கும். சுடர் பெரிதாகி, உள்ளே போதுமான காற்று போகாவிட்டால் எரியாத துகள் புகையாக வெளியேறும். 1780-களில் அர்காண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் குழாய் வடிவத் திரி செய்து அதன் நடுவிலும் காற்றை விட்டது இந்தச் சிக்கலுக்குத்தான்.

நமக்குக் குழாய்த் திரி தேவையில்லை. திரியைக் குறைத்தால் போதும். மிதவைக்கு மேலே 2 அல்லது 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். "வெளிச்சம் போதவில்லை" என்று திரியைத் தூண்டிக்கொண்டே போகிறவர்கள் வெளிச்சத்தைவிடக் கரியைத்தான் அதிகம் பெறுகிறார்கள். கூடுதல் வெளிச்சம் வேண்டுமானால் இன்னொரு கிண்ணத்தில் இன்னொரு சிறு சுடர்.

நுனியில் காளான் குடைபோலக் கரி மொட்டுக் கட்டினால் அமர்த்தி, ஆறவிட்டு, இடுக்கியால் கிள்ளி எடுங்கள். எரியும்போது தட்டாதீர்கள். உதிரும் கரித்துண்டு எண்ணெயில் மிதந்து, அடுத்த முறை ஏற்றும்போது சுடரருகே ஒதுங்கி அதுவும் ஒரு குட்டித் திரியாகப் பற்றும்.

ஆகஸ்ட் 21

புகைக்கு இன்னொரு காரணத்தைச் சேர்க்கிறேன்: கிண்ணத்தின் வடிவம். ஒடுக்கமான, ஆழமான தம்ளரில் எண்ணெய் குறையக் குறையச் சுடர் கீழே இறங்குகிறது. மேலே போகும் சூடான காற்றும் கீழே இறங்க வேண்டிய புதுக் காற்றும் ஒரே ஒடுக்கமான வாயில் மோதுகின்றன. சுடர் துடிக்கும், புகையும். முதல் குறிப்பில் தண்ணீரின் பலனைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன்; அதன் உண்மையான அருமை இங்கே இருக்கிறது. எண்ணெய் மேலே 1 செ.மீ. மட்டும் இருந்தால் விளக்கு எரிந்து முடியும்வரை சுடர் இறங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். தண்ணீர் சுடரை ஒரே உயரத்தில் நிறுத்தி வைக்கிறது. அடியில் கனமும் தருகிறது, கிண்ணம் எளிதில் சாயாது. ஒவ்வொரு முறையும் புது எண்ணெயாகக் கொஞ்சம் ஊற்றினால் போதும் என்பதால் பழைய எண்ணெய் தேங்குவதும் இல்லை.

செப்டம்பர் 2

நேற்று ஒரு விட்டில் விழுந்தது. எண்ணெயில் சிறகு பரப்பிக் கிடந்தது, மிதவை மெல்ல நகர்ந்து அதன்மேல் ஒட்டியது, சிறகு நுனி பற்றியது. ஒரே கிண்ணத்தில் இரண்டு சுடர், இரண்டாவது கண்ணாடியை ஒட்டி. எண்ணெயில் ஊறும் எதுவும் திரி என்று எழுதியதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். தட்டால் மூடி அமர்த்திவிட்டு, பூச்சியை இடுக்கியால் எடுத்தேன்.

பூச்சி வரும் காலங்களில் கண்ணாடிப் புகைக்கூண்டு அல்லது கம்பிவலைக் கூடை வைக்கலாம். மேல்பக்கம் திறந்திருக்க வேண்டும், அடியிலும் காற்றுக்கு வழி வேண்டும்.

செப்டம்பர் 10

இதைத் தனிக் குறிப்பாக எழுத வேண்டியிருக்கிறது. "பாட்டிலில் வரும் நிறமற்ற விளக்கு எண்ணெய் புகையே விடுவதில்லை, அதையே ஊற்றுகிறேன்" என்று ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வது திரவ பாரஃபின், அதாவது பெட்ரோலிய வகை. சுடர் சுத்தம்தான். ஆனால் வீட்டில் சிறு குழந்தை இருந்தால் அதை உள்ளே கொண்டுவராதீர்கள்.

அது தண்ணீர்போல் ஓடும் திரவம். குழந்தை ஒரு வாய் குடித்தால் வயிற்றுக்குப் போவதோடு நிற்காமல் மூச்சுக்குழாயில் வழுக்கி நுரையீரலுக்குள் பரவிக் கடும் அழற்சியை உண்டாக்கும். உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. வண்ணமும் வாசனையும் சேர்த்த அத்தகைய விளக்கு எண்ணெய் குழந்தைகளை ஈர்க்கிறது என்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் அவற்றைத் தடுக்க உத்தரவு கொண்டுவந்தது. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாந்தி வரும்போது மறுபடி நுரையீரலுக்குள் போகும். நேரே மருத்துவமனை, பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மிதவைக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. பாரஃபினின் அடர்த்தி 0.8 அளவில். தாவர எண்ணெய்க்கென்று செய்த மிதவை அதில் கூடுதலாக அமிழும், திரி நுனி எண்ணெய்க்கு மிக அருகில் வரும்.

செப்டம்பர் 11

அலங்காரம் பற்றி. தண்ணீரில் கரையும் நிறம் தண்ணீரிலேயே நிற்கும், எண்ணெய்க்கு ஏறாது, தொந்தரவில்லை. எண்ணெயில் கரையும் சாயம் திரியை அடைக்கும். கூழாங்கல், கண்ணாடிக் கோலி தாராளமாகப் போடலாம், கழுவிவிட்டு. பூ, இலை வேண்டாம். அழுகினால் வாயு கிளம்பும், இதழ் மேலே வரும். பிறகு என்ன ஆகும் என்பது விட்டில் கதைதான்.

உப்பு போட்டால் பிரகாசமாக எரியும் என்கிறார்கள். உப்பு தண்ணீரில் கரைந்து அடியிலேயே கிடக்கும், சுடரைத் தொடாது. மிதவையின் உலோகப் பகுதிதான் துருப்பிடிக்கும்.

செப்டம்பர் 25

பராமரிப்பு. பலர் மாதக்கணக்கில் ஒரே தண்ணீர், ஒரே எண்ணெய், மேலே மேலே ஊற்றிக்கொண்டே போவது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையே வெண்மையாக ஒரு கொழகொழப்புப் படலம் கட்டியிருக்கிறதா என்று பக்கவாட்டில் இருந்து பாருங்கள். அங்கே நுண்ணுயிர்கள் குடியேறிவிட்டன என்று பொருள். சிக்கு வாடையும் வரும். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் சேர்ந்து எண்ணெயைக் கெடுக்கின்றன. கெட்ட எண்ணெய் கெட்டியாகி, பிசுக்காகித் திரியை அடைக்கும். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் எண்ணெயை நாட்கணக்கில் விட்டுவைத்தால் இன்னும் சீக்கிரம் கெடும். எண்ணெய் பச்சை தட்டுவது எண்ணெயிலுள்ள அமிலம் செம்போடு சேருவதால். கண்ணாடியும் எவர்சில்வரும் இந்த விஷயத்தில் மேல்.

நான் செய்வது: நாளும் எரித்தால் வாரம் ஒருமுறை முழுவதும் காலி செய்வது. ஆறிய பிறகு மேலே உள்ள எண்ணெயைக் கரண்டியால் அள்ளி மூடியுள்ள பாட்டிலில் சேர்க்கிறேன். அந்த எண்ணெயை மறுபடி விளக்குக்கு ஊற்றுவதில்லை, அதில் நீர்த்துளி கலந்திருக்கும். கழுநீர்த் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய் அடைக்கும். கிண்ணத்தைக் காகிதத்தால் துடைத்து, சூடான சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பழைய பிசுக்கு பழுப்பாக ஒட்டியிருந்தால் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி ஊறவைத்தால் இளகும். துடைத்த காகிதங்களைப் பந்தாகச் சுருட்டி வெயிலில் போடாமல் விரித்து உலர்த்திக் குப்பையில் சேருங்கள்.

வெயில் என்றதும் நினைவு வருகிறது: உருண்டையான கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி வெயில் விழும் ஜன்னலில் வைத்தால் அது உருப்பெருக்கியாக வேலை செய்யும். விளக்கை ஏற்றாமலேயே திரைச்சீலையைப் பொசுக்கும். பகலில் இடம் மாற்றி வையுங்கள்.

நவம்பர் 18

குளிர் வந்துவிட்டது, தேங்காய் எண்ணெய் ஊற்றுபவர்களிடமிருந்து கேள்விகள். அது 24 டிகிரி செல்சியஸை ஒட்டி உறைந்துவிடும். உறைந்த எண்ணெயில் சுடர் திரியைச் சுற்றி ஒரு சிறு குளம் உருக்கிக்கொள்ளும், குளத்துக்கு வெளியே வெள்ளையாகக் கெட்டியாக நிற்கும். குளம் போதாவிட்டால் திரி பட்டினி கிடந்து கருகும். கிண்ணத்தை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் நிறுத்தி எல்லாம் உருகிய பின் ஏற்றுங்கள். அல்லது அந்த மாதங்களுக்கு வேறு எண்ணெய். ஏற்றிய விளக்கை அடுப்பில் காட்டிச் சூடாக்க நினைக்கவே கூடாது.

நவம்பர் 19

அமர்த்தும் முறை. வாயால் ஊதினால் எண்ணெய் தெறிக்கும், திரி கனன்றுகொண்டே இருக்கும், மூக்கைத் துளைக்கும் ஒரு காரமான நெடி வரும். எண்ணெய் சுடராகாமல் சூட்டில் சிதையும்போது எண்ணெயின் ஒரு கூறான கிளிசராலில் இருந்து உண்டாகும் அக்ரோலின் என்ற பொருளின் நெடி அது. கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். இடுக்கியால் திரி நுனியை எண்ணெயில் ஒரு கணம் அழுத்தி நிமிர்த்துங்கள். சுடரும் கனலும் சேர்ந்து அடங்கும், நெடி வராது, திரியும் அடுத்த முறைக்கு நனைந்து தயாராக இருக்கும்.

தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1700 லிட்டர் இடம் கேட்கும்; சூடான எண்ணெய்க்குள் சிறு துளி புகுந்தாலும் அந்த விரிவு எண்ணெயைத் தூக்கி எறியும். கிண்ணத்தில் தண்ணீர் கூடினால் எண்ணெய் விளிம்பைத் தாண்டி வழியவும் செய்யும். கிண்ணத்தை முழுவதும் மூடும் உலோகத் தட்டு ஒன்று விளக்கின் பக்கத்திலேயே எப்போதும் இருக்கட்டும். எரியும்போது எண்ணெய் சேர்ப்பதும் வேண்டாம். அமர்த்தி, ஆறவிட்டு, சுவரோரமாக ஊற்றுங்கள்.

ஜனவரி 7

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "பல ஆண்டுகளாக இரவெல்லாம் எரியவிடுகிறேன், எதுவும் நடக்கவில்லை."

நல்லது. நடக்காமலே இருக்கட்டும், மனதாரச் சொல்கிறேன். ஆனால் இத்தனை நாள் இங்கே சேர்ந்தவற்றை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள்: ஓரத்துக்கு ஒதுங்கிய மிதவை, பிளந்த கிண்ணம், விட்டில், உதிர்ந்த கரி, தெறிக்கும் கடைசித் துளி. ஒன்றைக்கூட அடியில் இருக்கும் தண்ணீர் தடுக்காது. எண்ணெய் தீரும்போது மட்டும்தான் அதற்கு வேலை. மேலே சொன்னவற்றில் கடைசியைத் தவிர மற்றவை நடப்பதெல்லாம் எண்ணெய் இருக்கும்போது. அந்தக் கடைசித் துளியைத் தெறிக்கவிடுவதே தண்ணீர்தான். ஒவ்வொன்றிலும் காப்பாற்றியது அந்த அறையில் விழித்திருந்த ஆள்.

மெழுகுவத்தியைப் பற்றி அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் சொல்வது: எரியக்கூடிய எதிலிருந்தும் குறைந்தது 12 அங்குலம் தள்ளி வையுங்கள், அறையை விட்டுப் போகும்போதும் படுக்கப் போகும்போதும் அணைத்துவிடுங்கள். மிதவைத் திரிக்கும் அதுவே பொருந்தும். இரவில் சிறு வெளிச்சம் வேண்டுமென்றால் மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு இருக்கிறது. இரவெல்லாம் சுடர் எரிந்தே ஆக வேண்டும் என்றால் வீட்டில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். நடுவழி ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 8

தக்கையை எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்ற கேள்வி பாக்கி இருந்தது. திரித் துளையைச் சுற்றித் தக்கை கருகி, விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தால் மாற்றுங்கள். துளை அகன்று திரி தானாக நழுவினாலும் மாற்றுங்கள். உலோகத் தகடோ, சூடு தாங்கும் கனிமமான மைக்காவின் தகடோ துளையில் பதித்த தக்கை நீண்ட நாள் வரும், சுடருக்கும் தக்கைக்கும் இடையே அது தடுப்பு. திரிக்குப் பருத்தி மட்டும். சந்தேகம் இருந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி என்றால் மெல்லிய சாம்பல், செயற்கை இழை என்றால் உருகிக் கெட்டி மணியாகும். மணி கட்டினால் அந்த நூற்கண்டை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.